துணைக்கு வருகிற பாய்

பல்லாவரத்தில் பல் டாக்டர் முன்னால் நான் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தபோது, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாயும் வாயைத் திறந்து வைத்திருந்தார். டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பல் வெளியே வந்ததும் "அப்பாடா" என்று சத்தமாகச் சொன்னது நான் இல்லை. டாக்டர் என் வாயில் பஞ்சை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் ஒண்ணு வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் அவரைக் கூப்பிடவில்லை. காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பம்மல் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். எதிரே இருந்த சீட் கவர் கடையிலிருந்து தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"இன்னா சார், தனியாவா போறீங்க?"

தலையாட்டினேன். ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலை அப்படியே மேஜையில் வைத்தார். தம்பியிடம் "தோ வந்துர்றேன்" என்றார். எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டார்.

எங்கள் பக்கத்தில் பாய்மார்கள் பலர் உண்டு. கறிக்கடை பாய், லாரி ஷெட் பாய், பழைய இரும்பு பாய். அடைமொழி எதுவும் இல்லாமல் 'பாய்' என்று சொன்னால் அது இவர் ஒருவர்தான். மோட்டார் சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் சீட் உறை தைக்கும் கடையை அண்ணனும் தம்பியுமாக நடத்தினார்கள். நடத்தியது தம்பி என்று சொல்வதுதான் சரியான செய்தி. அண்ணன் எந்த நேரமும் யாருடனாவது எங்கேயாவது போயிருப்பார்.

அவர் உதவிக்குப் போகிறார் என்று நினைத்தால் தவறு. உதவி என்று எதையும் அவர் செய்ததாக எனக்கு நினைவில்லை. மின்வாரிய ஆபீசுக்கு என்னுடன் வந்தால் கவுண்டர் எங்கே என்று விசாரிக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்க மாட்டார். பெரும்பாலும் தூங்கிவிடுவார். ஒரு தடவை, தாலுகா ஆபீஸ் பெஞ்சில் என் தோளில் சாய்ந்து அவர் தூங்கியதால் என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அடுத்த தடவை கிளம்பும்போது என் கண் எதிர்க் கடையைத்தான் தேடியது. தனியாகக் காத்திருப்பது வேறு, பக்கத்தில் ஒருவரின் குறட்டையோடு காத்திருப்பது வேறு. இதை அனுபவத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எங்கள் எதிர்வீட்டு டீச்சர் ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுக்கத் தாம்பரம் போனபோதும் அவர் போனார். மைதானத்தில் எட்டு போட வேண்டும். டீச்சருக்கு நடுக்கம். பாய் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் இறங்கச் சொன்னார். இறங்கினார், ஆனால் விலகவில்லை. வண்டி கிளம்பியதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினார். வண்டி வளைந்தால் அவரும் வளைந்தார். சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே ஓடி ஒரு முழு எட்டு போட்டு முடித்தார்.

"யோவ் பாய், லைசென்சு அந்தம்மாவுக்கா உனக்கா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அவுங்களுக்குத்தான் சார். நான் சும்மா துணைக்கு."

டீச்சர் கால் ஊன்றாமல் எட்டை முடித்துவிட்டார். பாய்க்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தம்பிக்குத்தான் எரிச்சல். "பேசாம போர்ட மாத்திடலாம்ணே. சீட் கவர்னு போடாத, 'இங்கு துணைக்கு ஆள் கிடைக்கும்'னு போடு. ஜனம் அள்ளும்" என்பான். அண்ணன் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, வாசலில் செருப்பு மாட்டி நிற்பவர் யார் என்று பார்ப்பார்.

இதன் மறுபக்கத்தை நான் கவனிக்கக் கொஞ்ச காலம் ஆனது. தன் வேலை என்று அவர் எங்கும் போனதில்லை. தனக்குக் காய்ச்சல் வந்தால், தெருவில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வரும்வரை பொறுத்திருப்பார். பிறகு அவருக்குத் துணையாகப் போய், இரண்டு பேருக்குமாக மாத்திரை வாங்கி வருவார்.

நாற்பது வயது தாண்டி அவருக்குக் கல்யாணம் ஆனதும் இதே வழியில்தான்.

அனகாபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த நண்பர் ஒருவர், மனைவியை இழந்தவர், காரைக்காலுக்குப் பெண் பார்க்கப் போனார். பாய் துணைக்குப் போனார். அந்தப் பெண்ணும் கணவரை இழந்தவர். காரைக்காலில் சில குடும்பங்களுக்குத் தலைமுறையாக பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு; இவரும் அப்படி ஒரு வீட்டுப் பெண். கையில் பிரான்ஸ் பாஸ்போர்ட், பேச்சு காரைக்கால் தமிழ், வேலை லண்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில். விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தார்.

நண்பர் கேள்விகளோடு போயிருந்தார். சம்பளம் என்ன, வீடு சொந்தமா வாடகையா, அங்கே ஜவுளிக்கு மார்க்கெட் எப்படி. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, மூலையில் மூன்றாவது சமோசாவை எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"துணைக்கு."

"ஏன், அவங்களுக்குப் பயமா?"

"பயம்லாம் இல்லம்மா. தனியா இன்னாத்துக்குப் போவணும்?"

ஒரு வாரம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. நண்பரைக் கேட்டு அல்ல. அந்த நண்பர் ஒரு மாதம் பாயிடம் பேசவில்லை. பிறகு வயிற்றை ஸ்கேன் எடுக்கத் தனியாகப் போக வேண்டியிருந்ததால் சமாதானமாகிவிட்டார்.

நிக்காஹ் காரைக்காலில் நடந்தது. ஒன்றரை மாதம் பம்மலில் இருந்துவிட்டு மனைவி வேலைக்குத் திரும்பினார். போன கொஞ்ச நாளில் சேதி சொன்னார். முப்பத்தெட்டு வயதில் முதல் குழந்தை. ரத்த அழுத்தம் இருக்கிறது, அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு குஜராத்திக் குடும்பத்தைத் தவிர அவருக்கு அங்கே யாரும் கிடையாது.

அன்றைக்குப் பாய் என் வீட்டுக்கு வந்தார். டீ குடிக்கவில்லை.

"பஸ்ஸுல போறாளாம் சார் ஆஸ்பத்திரிக்கு. தனியா. போய்ட்டு, தனியா திரும்பி வராளாம்."

பம்மலில் ஒரு டெட்டனஸ் ஊசிக்குக்கூட அவர் யாரையும் தனியாக விட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

விசா விஷயத்தை மனைவி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர் பிரான்ஸ் குடிமகள், இருப்பது இங்கிலாந்தில்; இங்கிலாந்து அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. ஆகவே கணவருக்கு ஐரோப்பிய விதிப்படி நுழைவு அனுமதி. கல்யாணப் பதிவு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, தன்னுடைய பாஸ்போர்ட் நகல், வேலை பார்க்கும் இடத்துக் கடிதம், சேர்ந்து எடுத்த போட்டோ. இவ்வளவு போதும். கட்டணம் கிடையாது.

கெடுத்தது அந்தக் கடைசி வரிதான்.

அந்த வருடங்களில் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே விசா பற்றிக் கருத்து இல்லாத வீடே கிடையாது. வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது அமெரிக்காவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கப் போவதற்காக அப்பாவும் அம்மாவும் ஒரு தடவையாவது விசா நேர்காணலில் நின்றிருந்தார்கள். எங்கள் தெருவின் தலைமை நிபுணர் மாடி வீட்டு சார். வங்கியில் ஓய்வு பெற்றவர், மூன்று தடவை அமெரிக்கா போய்வந்தவர்.

"ஃப்ரீயா?" என்றார் அவர். "பாய், ஃபீஸ் வாங்கிண்டே ரிஜெக்ட் பண்றான் அமெரிக்காக்காரன். ஃப்ரீயா எவன் குடுப்பான்? இதுல ஏதோ டிராப் இருக்கு."

மொட்டை மாடியில் ஒத்திகை வைத்தார். துணி காயப்போட வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"என்ன கேட்டாலும் ஒரே ஆன்சர். ஐ வில் கம் பேக். எங்க, சொல்லுங்கோ."

"ஐ வில் கம் பேக்."

"கண்ணப் பார்த்துச் சொல்லணும் பாய்."

"ஐ வில் கம் பேக்" என்றார் பாய், கொடியில் ஆடிக்கொண்டிருந்த வேட்டியைப் பார்த்து.

டீச்சர் தயங்கிக் கேட்டார்: "வைஃப் அங்க கன்சீவா இருக்காங்க, கூட இருக்கணும்னு சொல்லலாமே சார்?"

"நோ, நோ. அதைச் சொன்னா அங்கயே தங்கிடுவார்னு நெனைச்சுப்பான். கதை முடிஞ்சுது. கடை இருக்கு, வீடு இருக்கு, தம்பி இருக்கான், திரும்பி வந்தே ஆகணும்னு சொல்லணும்."

பாய் யாருடனும் எங்கும் போகிறவர். யோசனை என்று ஒன்று கிளம்பினால் அதனுடனும் போனார்.

பேப்பர்கள் சேர்ந்து நேர்காணலுக்குத் தேதி கிடைக்க மூன்று மாதம் ஆனது. அன்று பிரிட்டிஷ் விசா ஆபீசுக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். எலுமிச்சம் சாதம் இரண்டு தூக்கு. வாசலில் காவலாளி ஒருவரை மட்டும் உள்ளே விட்டார். மற்றவர்கள் எதிரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உள்ளே நடந்ததைப் பாய் திரும்பி வரும்போது வேனில் பெருமையாக விவரித்தார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு அம்மா.

எத்தனை நாள் இருப்பீர்கள்? பதினைந்து நாள், வந்துவிடுவேன். பிறகு மனைவியோடுதானே இருக்கப் போகிறீர்கள்? இல்லை, எனக்கு இங்கே கடை இருக்கிறது. குழந்தை பிறக்கப் போகிறதே? அல்லா பார்த்துக்கொள்வான், நான் திரும்பி வந்துவிடுவேன்.

"ஒரு கேள்விக்கும் மாத்திச் சொல்லல சார்" என்றார். மாடி வீட்டு சார் அவர் முதுகில் தட்டினார்.

போட்டோ பார்த்த கதையை மட்டும் அவர் கடைசியாகச் சொன்னார். அதிகாரி கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, மாப்பிள்ளை யார் என்று கேட்டாராம். அந்த ஆல்பத்தை நானும் பார்த்திருக்கிறேன். பெண்கள் பக்கத்துப் படங்களில் மணப்பெண் இருக்கிறார், இவர் இல்லை. ஆண்கள் பக்கத்துப் படங்களில் நடுவில் ஜவுளிக்கடை நண்பர் நிற்கிறார். பாய் ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறார். மற்றவர்கள் கல்யாணங்களில் நின்று பழகிய இடம் அது. இருவரும் சேர்ந்திருந்த ஒரே படம் காரைக்கால் கடற்கரையில் எடுத்தது. அதில் அக்கா குடும்பம் முழுவதும் இருந்தது. நீர் வடியும் கைலியோடு இருந்தவர்தான் மாப்பிள்ளை என்று விரலை வைத்துக் காட்டினால்தான் தெரியும்.

நிராகரிப்புக் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். மனைவியோடு சேர்ந்து வாழும் எண்ணம் இவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. இந்தக் கல்யாணம் விசாவுக்காகச் செய்துகொண்டதாக இருக்கலாம்.

"விசாவுக்காவா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "வாணாம் வாணாம், திரும்பி வந்துர்றேன்னுதானே சார் சொன்னேன்?"

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் அவளுக்கு யாராம்?" என்று கேட்டார். தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி காலை எடுத்துவிட்டான்.

மனைவிக்கு அன்று சாயங்காலம் கடையிலிருந்தே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டது தம்பி. அவருக்குத் தனியாகப் பேசத் தெரியாது.

"என்ன சொல்லித் தொலைச்சீங்க அங்க?"

சொன்னார்.

"யார் அப்படிச் சொல்லச் சொன்னது?"

"மாடி வூட்டு சார்."

"அவருக்குப் பொண்டாட்டி எந்த ஊர்ல இருக்கு?"

"மாடிலதான்."

"இங்க பாருங்க. திரும்ப மனு போடுங்க. இந்தத் தடவை ஒருத்தரும் கூட வரக் கூடாது. யார் சொல்றதையும் கேக்கக் கூடாது. தனியாப் போங்க. அவங்க கேக்கறதுக்கு உங்க வாய்லேருந்து என்ன வருதோ, அதைச் சொல்லுங்க. எனக்கு ஏழு மாசம் முடியப் போவுது" என்றார். குரல் கடைசியில் கொஞ்சம் தேய்ந்தது.

இரண்டாவது நேர்காணல் நாளன்று காலை ஏழு மணிக்கே பாய் என் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, கைலிக்குப் பதில் பேன்ட், கையில் ஃபைல்.

"இன்னிக்கு ஆபீசு உண்டுதானே சார்?"

"உண்டு. பத்து மணிக்கு மேலதான்."

"சீக்கிரம் கெளம்புங்களேன்."

"பாய், உங்க வீட்டம்மா யாரும் கூட வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நீங்க எங்க சார் என் கூட வரீங்க? நீங்க ஆபீசுக்குப் போறீங்க. உங்களுக்குத் துணைக்கு நான் வரேன். அவ கேட்டா அதத்தான் சொல்வேன். பொய்யா அது?"

பொய் இல்லை. பல்லாவரத்தில் மின்ரயில் ஏறினோம். அவர் வழியெல்லாம் தூங்கவே இல்லை. அவர் போக வேண்டியது நுங்கம்பாக்கம். என் ஆபீஸ் எழும்பூரில். நுங்கம்பாக்கம் வந்தபோது கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தே இருந்தார். எழும்பூரில் என்னோடு இறங்கி, ஆபீஸ் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது. அங்கிருந்து திரும்பி ஸ்டேஷனை நோக்கி நடந்தார். பக்கத்தில் யாரும் இல்லாமல் அவர் நடந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டாற்போல நடைபாதையின் ஓரமாகவே நடந்தார்.

உள்ளே நடந்தது அவர் பின்னால் சொன்னது. அதே அதிகாரி, அதே அம்மா.

போன தடவை பதினைந்து நாள் என்றீர்களே என்று கேட்டார்கள்.

"தப்பா சொல்ட்டேன். மாடி வூட்டு சார் சொல்லச் சொன்னாரு."

இப்போது எத்தனை நாள்?

"தெரியாது மேடம். அவ எவ்ளோ நாள் கீறாளோ, அவ்ளோ நாளு."

அங்கே போய் என்ன வேலை செய்வீர்கள்?

"எனக்கு சீட் கவர் தைக்கத் தெரியும். அதுவும் தம்பி அளவுக்கு வராது."

பிறகு எதற்குப் போகிறீர்கள்?

"துணைக்கு."

மொழிபெயர்க்கும் அம்மா அதோடு விடாமல் விளக்கமாகச் சொல்லச் சொன்னாராம். பாய்க்கு அதில் விளக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. "அவ தனியா ஆஸ்பத்திரிக்குப் போறா மேடம். வாசல்ல ஒக்காரவாச்சும் ஒரு ஆள் வோணும். நான் ஒக்காருவேன்" என்றார். அந்த அம்மா அதைக் கொஞ்சம் நேரமெடுத்து ஆங்கிலத்தில் சொன்னாராம். அதிகாரி எழுதிக்கொண்டாராம். அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் விசாவோடு திரும்பி வந்தது. மாடி வீட்டு சார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு நாள் இன்டர்நெட்டில் உட்கார்ந்து ஐரோப்பிய விதியைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தார். அதில் கணவனோ மனைவியோ என்ன காரணம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததை எங்களுக்கு வாசித்தார். ஐரோப்பியக் குடிமகனோடு துணையாகச் செல்பவர், அல்லது அவரிடம் போய்ச் சேருபவர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"இவ்ளோதானா?" என்றான் தம்பி. "இதத்தானே சார் எங்க அண்ணன் பொறந்ததுலேருந்து சொல்லிகினு கீறாரு. நீங்க நடுவுல பூந்து ஒரு மாசத்த பேஜார் பண்ட்டீங்களே!"

விமான டிக்கெட் எடுக்க டிராவல்ஸ் கடைக்கு மாடி வீட்டு சாரே பாயோடு துணைக்குப் போனார்.

மீனம்பாக்கம் எங்களுக்கு நடந்துபோகிற தூரம் மாதிரிதான். தெருவே போய் வழியனுப்பியது. அவர் விமானத்தில் இருந்தபோதே லண்டனில் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, நாள் வருவதற்கு முன்பே குழந்தையை எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காரைக்கால் அக்கா வழியாக எங்களுக்குச் சேதி வந்தது. அவர் போய்ச் சேர்ந்தாரா, சேருவதற்குள் என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை. அன்று கடையில் மிஷின் ஓடவில்லை. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் வந்தார். மாடி வீட்டு சார் ஒரு பழைய சீட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் போன் அடித்தது. தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"பொண்ணுடா" என்றது பாயின் குரல். "ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியது அடங்க நேரம் பிடித்தது. அப்போதுதான் தெரிந்தது: குஜராத்திக்காரர் விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். குழந்தை பிறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது இவர் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"உள்ள விட்டாங்களா பாய்?" என்று கேட்டேன்.

"அத ஏன் சார் கேக்கறீங்க. கதவாண்ட ஒரு நர்சம்மா. யாருன்னாங்க. ஹஸ்பெண்டுன்னேன். நிக்காஹ் பேப்பர், போட்டோ எல்லாம் எடுக்கலாம்னு ஃபைலத் தொறக்கறேன், அதுக்குள்ள கதவத் தொறந்துட்டாங்க சார்! வாங்க வாங்கன்னு கையப் புடிச்சி இட்டுகினு போயி அவ பக்கத்துல நிக்க வெச்சிட்டாங்க. ஒரு பேப்பர் பாக்கல."

சந்தோஷத்தைவிட அந்தக் குரலில் திகைப்புதான் அதிகம் இருந்தது.

"சொன்ன ஒடனே அப்டி எப்டி சார் நம்புவாங்க?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், களைத்துப்போயிருந்தாலும் தெளிவாகவே கேட்டது.

"அந்த ஃபைலை இன்னமும் கக்கத்துல வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, அதைக் கீழ வைங்க. புள்ளையை வாங்குங்க."